நாற்பது விநாடி பிந்திய கைதட்டல்

சிவமயம்

கட்டுகஸ்தோட்டை,
வியாழக்கிழமை, 21ஆம் திகதி.

அன்பின் மகன் தனேசுக்கு,

அப்பா சோதிலிங்கம் எழுதுவது. நான் சுகம். முழங்கால் மட்டும் என் சொல் கேட்பதில்லை. அதுவும் உன்னைப் போலத்தான், வளர்ந்துவிட்டது, என்ன செய்யலாம். மெல்பேர்ணில் நீயும் மருமகள் கோசலாவும் குளிர் படாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நல்லபடி இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது பிள்ளையாரிடம் சொல்லி வைக்கிறேன். போனில் சொல்லக்கூடியதை எதற்குக் கடிதமாக எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் நான் ஒரு விஷயத்தைத் தொடங்கினால் நீ "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்கிறாய். ஆறாவது "ஓம் அப்பா"வில் உன்னை யாரோ கூப்பிடுகிறார்கள். கடிதத்தில் உனக்கு அந்த வசதி இல்லை.

அரசாங்கக் கச்சேரியில் முப்பத்தைந்து வருடம் கோப்பெழுதும் லிகிதராக இருந்தவன் என்ற முறையில் விடயத்தை முதலிலேயே எழுதிவிடுகிறேன். விடயம்: நீ சித்திரை வருடப்பிறப்புக்கு வந்தபோது பூட்டித் தந்த புரோட்பாண்ட் இணைப்பை வெட்டிவிட்டு, பழைய ஏரியலை மறுபடி கூரையில் ஏற்றுவதற்கு உன் அனுமதி கோரல். இணைப்பு உன் பெயரில் இருப்பதால் நீ சொன்னால்தான் வெட்டுவார்களாம். பஹீம் நானாவை ஏரியல் பூட்டக் கூப்பிட்டேன். அவரும், "சேர், மகன் ஆசையா பூட்டித் தந்த சாமான். அவர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு சொல்லுங்க" என்று கையை விரித்துவிட்டார்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். டீவியில் படம் தெளிவு. அதில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். தொண்ணூற்றாறாம் ஆண்டு உலகக் கிண்ணத்துக்காகப் பஹீம் நானா பூட்டிய ஏரியலில் ஏறக்குறைய முப்பது வருடம் நாங்கள் பார்த்தது படமா, மகாவலி ஆற்றுப் பனியா என்று எனக்கே இப்போது சந்தேகம் வருகிறது. குரங்கு ஒன்று ஏரியலில் ஊஞ்சலாடிவிட்டுப் போனால் செய்தி வாசிக்கிறவருக்கு இரண்டு தலை முளைக்கும். உடனே பஹீம் நானாவுக்குச் சொல்லியனுப்ப வேண்டும். அவர் தன் மின்சாரச் சாமான் கடையைப் பூட்டிவிட்டு வந்து கூரையில் ஏறுவார். நான் முற்றத்தில் நின்று, "கொஞ்சம் பாலத்துப் பக்கம், இன்னும் கொஞ்சம், ஐயோ கூடிப்போச்சு" என்று கத்துவேன். ஒரு தலை மறைந்த பிறகு அவர் இறங்கி, பிளேன்ரீ குடித்து, மூத்த மகளுக்கு வந்த சம்பந்தங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுப் போவதற்குள் பொழுது பட்டுவிடும். இப்போதும் குரங்கு வருகிறது. கூரையில் சும்மா இருந்து பார்த்துவிட்டுப் போகிறது. பஹீம் நானா வருவதில்லை, அவருக்கு இங்கே வேலை இல்லை. மகளுக்குக் கலியாணம் முற்றாகிவிட்டது என்பதையே பால் வாங்கப் போன இடத்தில்தான் கேள்விப்பட்டேன்.

நீ "அப்பா, இனி எல்லாம் வயராலதான் வரும், ஏரியலைக் கழட்டி எறியுங்கோ" என்றாய். எறியவில்லை. குசினிக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறேன், சாரம் காயப்போட வசதியாக இருக்கிறது. வயரால் வந்ததோ வேறு. டீவிப் பெட்டியைப் போட்டவுடன் அது "யார் பார்க்கிறீர்கள்?" என்று கேட்கிறது. கீழே ஒரேயொரு மூஞ்சி இருக்கிறது, அதில் 'அப்பா' என்று நீ எழுதி வைத்திருக்கிறாய். இந்த வீட்டில் வேறு யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனாலும் தினமும் கேட்கிறது, தினமும் நான்தான் என்று அழுத்துகிறேன். பிறகு ரிமோட்டில் பேசினால் போதும், கை வலிக்க அழுத்தத் தேவையில்லை என்று சொல்லித் தந்தாய் அல்லவா. "செய்தி" என்றேன், ஆட்டுக்கறி சமைக்கும் நிகழ்ச்சி வந்தது. உரக்க "செய்தி" என்றேன், அதே ஆட்டுக்கறி உரக்க வந்தது. ஆட்டுக்கறியை முழுவதும் பார்த்தேன், வெள்ளிக்கிழமை, விரதம்.

ரவுட்டரைப் பூட்ட வந்தவர்கள் வீடெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, பிளக் இருப்பதும் சிக்னல் நன்றாக வருவதும் சாமி அறையில்தான் என்று அங்கேயே வைத்தார்கள் என்பது உனக்குத் தெரியும். இப்போது பிள்ளையாருக்கும் உன் அம்மாவின் படத்துக்கும் நடுவில் அது பச்சையாக மினுங்கிக்கொண்டிருக்கிறது. முதல் வாரம் நான் படுக்கப் போகுமுன் கரண்ட் வீண் என்று நிறுத்திவிடுவேன். காலையில் அது மறுபடி உயிர் பெறுவதற்குள் ராசிபலன் முடிந்துவிடும். மாதம் இருபதாம் திகதியோடு டேட்டா முடிந்தது. மிச்சம் நிறைய இருக்கிறதாம், ஆனால் அதெல்லாம் நடுச்சாமத்துக்குப் பிறகு பாவிக்க வேண்டியதாம். நித்திரையில் எப்படிப் பாவிப்பது என்று கேட்டேன், கம்பனிக்காரப் பிள்ளை இன்னும் பெரிய பெக்கேஜ் ஒன்றின் விலையைச் சொன்னது. இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். இவற்றுக்காக உனக்குக் கடிதம் எழுதி முத்திரை ஒட்டுகிறவன் நானில்லை.

விஷயம் ஏக்கநாயக்க மாத்தயா. நம் வீட்டுக்கு மேலே, மலைச்சரிவில் ஐம்பத்திரண்டு படி ஏறினால் வருகிற வீடு. ஹற்றனில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்து தோட்டத்துச் சனத்தோடு பேசிப் பேசித் தமிழ் பழகியவர். உனக்குச் சைக்கிள் ஓடப் பழக்கியவர் அவர்தான், மறந்திருக்க மாட்டாய். அவருடைய மனைவி சோமா நோனா பாரிசவாதம் வந்து நாலு வருடமாகக் கட்டிலில். அவரை விட்டுவிட்டு மாத்தயாவால் கீழே இறங்க முடியாது. என் முழங்காலால் ஐம்பத்திரண்டு படி ஏற முடியாது. ஆகவே நாங்கள் இரண்டு பேரும் கிரிக்கெட்டை அவரவர் வீட்டில் இருந்து சேர்ந்து பார்த்தோம். அவர் வீட்டு ஜன்னலுக்கு நேர் கீழே என் ஜன்னல். பந்து நாலுக்குப் போனால் அவர் மேலிருந்து ஒரு தரம் "ஓஹோய்!" என்பார், ஆறுக்கு இரண்டு தரம். நானும் அதே கணக்கில் கைதட்டுவேன். நம் ஆள் ஆட்டமிழந்தால் கைதட்டல் கிடையாது, இரண்டு ஜன்னலும் துக்கம் கொண்டாடும். ஆட்டம் முடிந்ததும் தலையை நீட்டி, "சரிங்க சோதி மாத்தயா, நாளைக்குப் பாப்போம்" என்பார். நாளைக்கு ஆட்டம் இல்லாவிட்டாலும் அப்படித்தான் சொல்வார்.

அம்மா போன பிறகு என்னோடு யாரெல்லாம் பேசுகிறார்கள் என்று நீ போன மாதம் கேட்டாய். நிறையப் பேர் என்று சொன்னேன். அது பொய். பால்காரர் காசைப் பற்றிப் பேசுவார், நீ ஞாயிற்றுக்கிழமை மருந்தைப் பற்றிப் பேசுவாய். மற்றப்படி அந்த "நாளைக்குப் பாப்போம்"தான்.

பெட்டி வந்த புதிதில் நான் கொஞ்சம் தலைக்கனத்தோடு இருந்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். "உங்கட ஏரியலில பந்தே தெரியாது மாத்தயா, எனக்குப் பந்தில இருக்கிற தையல் தெரியுது" என்று பழைய ஆட்டங்களைப் பார்த்துவிட்டு ஒரு மாதமாகக் கீழிருந்து அளந்துகொண்டிருந்தேன். அவரும் "ஆ, அப்புடியா, மகன் கெட்டிக்காரன்தான்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். முதல் நேரடி ஆட்டம் வந்தபோதுதான் தெரிந்தது. மேலே "ஓஹோய்!" என்கிறார்; என் பெட்டியில் பந்து வீச்சாளர் இன்னும் பந்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். நாற்பது விநாடி. ஆட்டம் நடப்பதோ பல்லேகலையில், நல்ல பஸ்ஸாக வந்தால் அரை மணித்தியாலம். அங்கிருந்து புறப்பட்ட பந்து உலகமெல்லாம் சுற்றி, கடலுக்கடியில் போய், பிள்ளையாருக்குப் பக்கத்தால் ஏறி என் வீட்டுக்கு வருவதற்குள், ஏரியல்காரர்கள் எல்லோரும் அதைப் பார்த்துக் கத்தி முடித்து, தண்ணீரும் குடித்துவிடுகிறார்கள். கட்டுகஸ்தோட்டைச் சந்தியில் பட்டாசு வெடித்த பிறகும் நாங்கள் வெல்லப் போகிறோமா என்று நான் நகம் கடித்துக்கொண்டிருந்தேன்.

நான் என் படத்தைப் பார்த்துக் கைதட்ட, அங்கே ஆட்டம் எங்கேயோ போயிருந்தது. அடுத்த நாள் அவர் ஜன்னலால் கேட்டார்: "என்னாங்க சோதி மாத்தயா, நேத்து ரீப்ளேக்கா கைதட்டுனீங்க?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? ஒரு மாதம் தையலைப் பற்றி அளந்த வாய். "ஓம், ரெண்டாந் தரம் பார்த்தாத்தான் நுணுக்கம் விளங்கும்" என்று சமாளித்துவிட்டு உள்ளே வந்து ஒரு திட்டம் போட்டேன். இனி என் படத்தை நம்புவதில்லை. மேலேயிருந்து சத்தம் வந்தவுடனே தட்டிவிடுவது. ஒரு சத்தம் என்றால் ஒரு தட்டு. இரண்டு சத்தம், இரண்டு தட்டு. நாற்பது விநாடி கழித்து என் பெட்டியில் பார்த்துச் சரிபிழை தெரிந்துகொள்வேன். மூன்று ஆட்டம் அப்படியே போனது. பிழையே வரவில்லை. பார்க்காத பந்துக்குக் கைதட்டுவதில் இந்த மாகாணத்தில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று எனக்குள் ஒரு பெருமைகூட வந்துவிட்டது, தனேஸ்.

பத்தாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் ஐந்து மணி இருக்கும். நம் ஆட்கள் துடுப்பெடுத்து ஆடுகிறார்கள், நெருக்கமான கட்டம். என் டீவியில் சத்தம் அதிகமாக வைத்திருந்தேன். மேலேயிருந்து ஒரு சத்தம். உடனே இன்னொன்று, முதலாவதைவிடப் பெரிது. சிக்ஸர்தான் என்று எழுந்து நின்று இரண்டு தரம் தட்டினேன், நெருக்கமான கட்டம் என்றபடியால் இன்னும் இரண்டு சேர்த்தே தட்டினேன். மேலே ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது. நான் பெட்டியைப் பார்த்தபடி நிற்கிறேன். பந்து வருகிறது. நம் தலைவர் மட்டையைச் சுழற்றுகிறார். நடு விக்கெட் மூன்று குட்டிக்கரணம் அடித்துப் போய் விழுகிறது.

ஐயோ என்று அவர் கத்தியிருக்கிறார், நான் நாலு தரம் கைதட்டியிருக்கிறேன். இந்த நாட்டில் ஒரு தமிழன் எப்போது கைதட்டுகிறான் என்பது சின்ன விஷயம் இல்லை. அதைக் கவனித்துக் கணக்கு வைத்த காலம் ஒன்று இருந்தது. ஆட்டம் நடக்கும் நாளில் கந்தோரில் நான் கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்த வருடங்கள் உண்டு. இந்த ஒரு ஜன்னலுக்குக் கீழேதான் யோசிக்காமல் தட்டினேன். அந்த மனிதருக்கு முன்னால் போய் இப்படிச் செய்துவிட்டேன்.

அன்றிலிருந்து பதினொரு நாளாக அந்த ஜன்னல் திறக்கவில்லை. பின்னேரத்தில் உள்ளே விளக்கு எரிகிறது, ஆள் இருக்கிறது. டீவிச் சத்தம் இல்லை. இடையில் ஒரு ஆட்டம் நடந்தது, "ஓஹோய்" இல்லை. நாங்கள் வென்றோம், அதற்கும் இல்லை. நாலாம் நாள் மனம் கேட்காமல் படியேறினேன். பத்தொன்பதாவது படியில் நின்று மூடிய ஜன்னலைப் பார்த்தேன். முழங்கால் ஒரு சாட்டுச் சொன்னது, இறங்கிவிட்டேன். பிறகு எனக்குத் தெரிந்த வழியில் போனேன். சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதினேன். 'இம்மாதம் 10ஆம் திகதி பி.ப. 5 மணியளவில் என்னால் இடம்பெற்ற கைதட்டல் தொடர்பாக' என்று விடயம் போட்டு, நாற்பது விநாடியை மூன்று பந்தியில் விளக்கி, பால்காரர் கையில் கொடுத்து அவருடைய தபால் பெட்டியில் போடுவித்தேன். பால்காரர் நேற்றுக் காலைவரை தினமும் சொன்னார், கடிதம் போட்டபடியே வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதாம். எடுத்துப் பிரிக்கக்கூட மனமில்லை அவருக்கு.

எனக்கும் கோபம் வராமலில்லை. முப்பது வருடம் பழகிய மனிதர் ஒரு கைதட்டலுக்கு இப்படி முகத்தில் அடித்தாற்போல் ஜன்னலைச் சாத்துவதா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. நானும் என் ஜன்னலைச் சாத்தினேன். சாத்தியதை அவர் பார்க்க வேண்டும் என்று சத்தமாகவே சாத்தினேன். அதற்குப் பிறகு வீடு எப்படி இருக்கிறது தெரியுமா? பெட்டியில் பத்துப் பேர் தெளிவாகப் பேசுகிறார்கள், பந்தில் தையல் தெரிகிறது. நான் தனியாக இருக்கிறேன் மகனே. இதைப் போனில் சொல்ல வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஆகையால் தயவுசெய்து இணைப்பை வெட்டச் சொல். ஏரியல் ஏறினால் எனக்கும் அவருக்கும் ஒரே நேரம் வரும். பனியாக இருந்தாலும் பரவாயில்லை, நேரத்துக்குக் கைதட்டினால் ஒரு நாள் அந்த ஜன்னல் திறக்கும் என்று நினைக்கிறேன்.

உனக்கும் கோசலாவுக்கும் ஒரு குறையும் வராமல் பிள்ளையார் காவலிருக்கட்டும். கோசலாவின் தாய் தகப்பனை விசாரித்ததாகச் சொல். முடி கொட்டுகிறது என்று சொன்னாய், நல்லெண்ணெய் வை, சனிக்கிழமை முழுகு.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா,
சோ. சோதிலிங்கம்,
ஓய்வுபெற்ற பிரதம லிகிதர்.

பிற்குறிப்பு: வெள்ளிக்கிழமை காலை. மேலே கேட்டதில் ஒன்றையும் செய்யாதே. வேறு கடிதம் எழுத எனக்குத் தெம்பில்லை, அதனால் இதையே அனுப்புகிறேன்.

உறையை ஒட்டிக்கொண்டிருந்தபோது ஏக்கநாயக்க மாத்தயாவின் மகள் சஞ்சீவனி படியிறங்கி வந்தாள். கம்பளையில் படிப்பிக்கிறாளே, அவள்தான். அவள் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "அங்கிள், அம்மா பத்தாம் திகதியிலிருந்து பெரியாஸ்பத்திரியில். நேற்றுத்தான் எழுந்து உட்கார்ந்தார். அப்பா வார்டு வாசலை விட்டு அசையவில்லை. இரவில் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அத்தை வீட்டில் படுக்கிறார். நான்தான் பின்னேரத்தில் வந்து விளக்கைப் போட்டு, உடுப்பு எடுத்துக்கொண்டு போகிறேன்."

எப்படி நடந்தது என்று கேட்டேன். பத்தாம் திகதி ஐந்து மணிக்குச் சோமா நோனாவுக்கு மூச்சு எடுக்க முடியாமல் போயிருக்கிறது. மாத்தயா அவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலால் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். இரண்டு தரம் கூப்பிட்டாராம். சஞ்சீவனி இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு நிலத்தைப் பார்த்தபடி, "நீங்கள் கைதட்டியது கேட்டதாம்" என்றாள். அதற்குப் பிறகு அவர் வீட்டைச் சாத்தி, மேல் வீதியால் போன ஓட்டோ ஒன்றை மறித்து, ஓட்டோக்காரர் ஸைத்தும் அவருமாகத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். கீழ்ப் பக்கம் இருக்கிற எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பெட்டியில் விழுந்த விக்கெட்டுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஒரு மனிதர் பெண்சாதிக்கு மூச்சு முட்டுகிறது என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார், தனேஸ். நான் நாலு தரம் கைதட்டியிருக்கிறேன். அதன் பிறகு பதினொரு நாள் அவரோடு கோபித்துக்கொண்டும் இருந்திருக்கிறேன்.

கோபமாக இருக்கிறாரா என்று நான் கேட்குமுன் அவளே சொன்னாள். புதன்கிழமைப் பின்னேரம் தபால் பெட்டியில் என் கடிதத்தைக் கண்டெடுத்து, நேற்று வார்டு வாசல் வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு வாசித்துக் காட்டினாளாம். இத்தனை நாளில் முதல் தரம் சிரித்தாராம். "நாற்பது விநாடியா? எங்கள் ரயில்வேத் திணைக்களத்தில் அதற்குப் பெயர் சரியான நேரம்" என்றாராம். அங்கே டீவி கிடையாது. நாளைக்கு ஆட்டம் இருக்கிறதாமே, சோதி மாத்தயா பார்த்துப் போனில் சொல்வாரா என்று கேட்டுவரச் சொல்லியிருக்கிறார். ஆகையால் இணைப்பை வெட்டாதே. ஒன்றும் பார்க்காமல் இருக்கிற மனிதருக்கு நான் சொல்வது பிந்தியதாகத் தெரியாது.

ஆனால் நாளைவரை நான் பொறுக்கப் போவதில்லை. நோயாளரைப் பார்க்க விடுவது பன்னிரண்டு மணிக்கு. பத்தே முக்கால் பஸ்ஸுக்கு இறங்குகிறேன், வழியில் இதைத் தபாலில் போடுவேன். 'தாமதத்துக்கு வருந்துகிறேன்' என்று கச்சேரியில் இருந்து சிங்களத்தில் ஆயிரக்கணக்கான கடிதம் எழுதியிருக்கிறேன். அதில் ஒன்றுக்காவது நான் வருந்தியதாக ஞாபகம் இல்லை. காலையிலிருந்து யோசிக்கிறேன், அந்த ஒரு வசனத்தைத் தவிர வேறு சிங்களம் வாயில் வரவில்லை. அதைத்தான் அவரிடம் சொல்லப் போகிறேன்.